எந்தத் தண்ணி, டீச்சர்?

எண்பதுகளின் பிற்பகுதி. என் மூத்த மகன் ஒன்றாம் வகுப்பு முடித்து லீவில் இருந்த சித்திரை மாதம். திருச்சுழியிலிருந்து பரளச்சிக்குப் போகிற பக்கத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் இது நடந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்ப் பெண்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

நான் பிறந்து வளர்ந்தது தாமிரபரணிக் கரையில். கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்தேன். வந்த இடத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சுகாதாரப் பணியாளர் வேலை கிடைத்தது. மதுரையில் பத்து நாள் பயிற்சி கொடுத்து, ஒரு பை நிறையப் படங்களும் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் போகிற ஊருக்கெல்லாம் போவேன். பெண்களைக் கூட்டி உட்கார வைத்து, படத்தைக் காட்டி, காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும், தடுப்பூசி எப்போது போட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் நான் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் எல்லோரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பங்குனி மாதம் அந்த ஊர் சத்துணவுக் கூடத்தில் கூட்டம் போட்டேன். இருபது பெண்கள் இருக்கும். கோடையில் குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்குதான் அன்றைய பாடம். படத்தில் ஒரு பானை, ஒரு ஸ்பூன், பக்கத்தில் உப்பு, சர்க்கரை. மேலே கொட்டை எழுத்தில் ‘உப்பு சர்க்கரைக் கரைசல்’ என்று அச்சடித்திருந்தது. பயிற்சியில் சொன்னதை ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். பெண்கள் கொட்டாவி விட்டார்கள். இரண்டு பேர் பேன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் ஒருத்தி, “கரைசல்னா என்னா டீச்சர்?” என்று கேட்டாள்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இவர்களுக்குப் புரிகிற பேச்சில் சொல்ல வேண்டும், அதுதான் திறமை என்று எனக்கு ஒரு நினைப்பு. “அட, உப்புத் தண்ணிதாம்மா! புள்ளைக்கு வயித்தால போச்சுன்னா உப்புத் தண்ணியக் கொதிக்க வச்சு ஆறவச்சு, ஸ்பூன் ஸ்பூனாக் குடுத்துக்கிட்டே இருங்க. அம்புட்டுத்தான்!” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர்கள் பேச்சைப் பேசியதற்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன். “புரிஞ்சுதா?” என்று கேட்டேன். இருபது தலையும் ஒன்றாக ஆடின. “புரிஞ்சுச்சு டீச்சர்.” அன்று சாயங்காலம் என் நோட்டில், ‘பெண்கள் நன்றாகப் புரிந்துகொண்டனர்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் அந்த ஊருக்குப் போனேன். பதினோரு மணி பஸ்ஸில் இறங்கும்போதே தலை சுற்றுகிற வெயில். கூட்டத்துக்கு ஆள் சேர்க்க வீடு வீடாகப் போனபோது, ஊர்க் கடைசியில் ஒரு வீட்டில் அந்தப் பெண் இருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். புருஷன் விறகைக் கரியாக்கும் கரிமூட்ட வேலைக்காக வெளியூர் போயிருந்தான். பதினோரு மாதப் பெண் குழந்தை ஒன்று, தரையில் விரித்த பழைய சேலைமேல் படுத்திருந்தது.

“ரெண்டு நாளா வயித்தால போகுது டீச்சர். நீங்க சொன்ன மாதிரியேதேன் குடுத்துக்கிட்டு இருக்கேன். ஒரு வேள விடல” என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது, ஆனால் உண்மை. ஒரு குழந்தை படுத்துக் கிடக்கிறது, எனக்கோ என் பாடம் பலித்துவிட்டது என்று சந்தோஷம். அவள் ஒரு சில்வர் பாத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினாள். சாம்பல் போட்டுப் பளிச்சென்று தேய்த்து, தட்டுப் போட்டு மூடி, ஸ்பூனைத் தனியாக ஒரு டம்ளரில் கவிழ்த்து வைத்திருந்தாள். இவ்வளவு சுத்தமாக நானே என் வீட்டில் செய்திருக்க மாட்டேன்.

கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாய் ருசி பார்க்க வேண்டும், கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் விட்டேன். நாக்கு சுருண்டுவிட்டது. ஒரே கரிப்பு, அடியில் ஒரு கசப்பு. சர்க்கரை துளியும் இல்லை.

“எவ்வளவு உப்பும்மா போட்டே?”

“உப்பு எதுக்குப் போடணும் டீச்சர்? உப்புத் தண்ணியிலதேன் உப்பு இருக்கே.”

“எந்தத் தண்ணி?” என்று கேட்டேன்.

அவள் வாசலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டினாள். கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம், உப்புக் கிணறு.

அந்த ஊரில் தண்ணீருக்கு இரண்டு பெயர். குடிக்கிறது, சோறு பொங்குகிறது எல்லாம் நல்ல தண்ணி. அதற்குக் கோடையில் காய்ந்த கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். துணி துவைக்க, பாத்திரம் கழுவ, மாட்டைக் குளிப்பாட்ட இருப்பது கிணற்றுத் தண்ணீர். ஆடு மாடுகூட வாயை வைத்துவிட்டு யோசிக்கும். அதற்குப் பெயர்தான் உப்புத் தண்ணி. அந்த ஊரில் பேசப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும் அந்த வார்த்தை. எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஊர்களுக்கு ஒன்றரை வருடமாகப் போய் வந்துகொண்டிருந்தேன். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்குக் குடிக்கக் கொடுத்தது நல்ல தண்ணீர். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு படத்தை விரித்தேனே தவிர, தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. மாட்டுக்கு ஆகாத தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்கிறாளே இந்த டீச்சர் என்று சிரித்திருக்கிறார்கள். ஆனால் இவள் சிரித்ததோடு விடவில்லை, நம்பியும் விட்டாள். நான் சொன்னபடியே கொதிக்க வைத்திருக்கிறாள். கொதித்து வற்ற வற்ற அதில் கரிப்பு இன்னும் ஏறியிருக்கிறது.

“எனக்கே மனசு கேக்கல டீச்சர். ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன், கரிச்சுச்சு. ஆனாலும் நீங்க படிச்சவுக, மருந்துக்குன்னு சொல்லிருப்பீகன்னு...” என்றாள். அவளுக்குப் பின்னால் மூலையில் ஒரு குடம் இருந்தது. வாயில் துணி கட்டி மூடியிருந்தது. நல்ல தண்ணீர். இரண்டு நாளாகக் குழந்தைக்கு அதிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை.

குழந்தையைத் தூக்கினேன். தலை துவண்டு என் கையில் சாய்ந்தது. கண் உள்ளே போயிருந்தது. உச்சிக்குழி அமுங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது. வாயைத் திறந்து அழுதது, சத்தம் பூனைக்குட்டிச் சத்தம், கண்ணீர் வரவில்லை. இந்த அடையாளங்கள் ஒவ்வொன்றுக்கும் என் பையில் படம் இருந்தது. ‘அபாய அறிகுறிகள்’ என்று சிவப்பில் போட்ட படம். எத்தனையோ ஊரில் அதைக் குச்சியால் தொட்டுக் காட்டியிருக்கிறேன். மடியில் ஒரு உயிராக அதைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

நான் வந்த பஸ் கடைசி ஊருக்குப் போய்த் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும். வேறு வண்டி கிடையாது. அந்த முக்கால் மணி நேரத்தை என்னால் விவரிக்க முடியாது. நல்ல தண்ணீரைக் காய்ச்சி ஆற்றினோம். பக்கத்து வீட்டிலிருந்து சீனி வந்தது. ஸ்பூனை எடுத்தால், எத்தனை ஸ்பூன் சீனி, எவ்வளவு உப்பு என்பது எனக்கு மறந்துபோய்விட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற அளவு. பையைக் கவிழ்த்துப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்துத்தான் கலக்கினேன். சொட்டுச் சொட்டாக வாயில் விட்டோம். பாதி உள்ளே போனது, பாதி கடைவாயில் வழிந்தது.

பஸ் வந்ததும் கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். திருச்சுழி ஆஸ்பத்திரிக்கு இறங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் குழந்தையை ஒரு தடவை பார்த்தார். “டவுனுக்கே போயிருவோம்மா” என்று சொல்லிவிட்டு, டிரைவர் பக்கம் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். அப்புறம் அந்த பஸ் எங்கேயும் நிற்கவில்லை. கைகாட்டிய ஆட்கள் புழுதிக்குள் நின்று திட்டினார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட, என் ஊர் போய்விட்டதே என்று வாய் திறக்கவில்லை.

பாதி வழியில் குழந்தையின் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. அம்மாக்காரி, “டீச்சர்” என்று மட்டும் சொன்னாள். நாங்கள் வேதக்காரக் குடும்பம். சின்ன வயதிலிருந்து கண்ணை மூடி ஜெபித்துப் பழக்கம். அன்று கண்ணை மூடப் பயந்தேன். மூடித் திறப்பதற்குள் அந்த நெஞ்சு ஏறி இறங்குவது நின்றுவிட்டால் என்ன செய்வேன்? அதனால் கண்ணைத் திறந்தபடியே, ஆண்டவரே, என் வாயிலிருந்து வந்த வார்த்தைக்கு இந்தப் பிள்ளையை எடுக்காதேயும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தப் பயத்துக்குள்ளே என்னைப் பற்றிய பயமும் இருந்தது. வேலை போகும், போலீஸ் வருமோ, என் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றெல்லாம் ஓடியது. அந்த நேரத்திலும் எனக்காகவும் பயந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அருப்புக்கோட்டையில் ஆஸ்பத்திரி வாசலிலேயே பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். குழந்தையை வாங்கிக்கொண்டு போய்த் தலையில் நரம்பு தேடி ஊசி ஏற்றினார்கள். வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். உப்புக் கிணற்றுத் தண்ணீர் என்று அவள் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மாட்டுக்குக் கொடுப்பாயா இதை, யார் சொன்னார்கள் இப்படிக் கொடுக்கச் சொல்லி என்று சத்தம் போட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, “நானாத்தேன் குடுத்தேன்” என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் திட்டு வாங்கினாள். படிப்பறிவு இல்லாததுகள் என்று ஒரு பேச்சு வந்தது, அதையும் அவளே வாங்கிக்கொண்டாள். படித்தவள் நான் பக்கத்தில் தோளில் பையோடு, முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் இருக்கும். என் வாழ்க்கையில் அந்த ஐந்து நிமிடத்தை அழிக்க ஒரு ரப்பர் கிடைத்தால் நல்லது.

டாக்டர் மறுபடியும் டிரிப்பைப் பார்க்க வந்தபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது. நான்தான் சொன்னேன், கூட்டத்தில் வைத்து, இந்த வார்த்தையில் சொன்னேன் என்று முழுதும் சொன்னேன். என்னையும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. “இன்னும் எத்தனை ஊர்ல இப்படிச் சொல்லியிருக்கீங்க?” என்று கேட்டார்.

அதுவரை நான் ஒரு குழந்தைக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். சுவரோரம் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். அந்த ஒரு மாதத்தில் ஒன்பது ஊர். ஒவ்வொன்றுக்கும் கீழே, ‘நன்றாகப் புரிந்துகொண்டனர்’. ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடு.

கிளம்புவதற்கு முன்னால் அவளிடம் போய், நான் சொன்னதுதான் தப்பு, உன் மேல் ஒரு குற்றமும் இல்லை, என்னை மன்னித்துவிடு என்றேன். அழுதுவிட்டேன். அவள் என்னைத் திட்டியிருக்கலாம், கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம், தாங்கியிருப்பேன். “நீங்க சரியாத்தேன் சொல்லிருப்பீக. எனக்குத்தேன் வெளங்கல” என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு நாளில் ஒன்பது ஊர், குழந்தை இருக்கிற வீடு ஒன்றுவிடாமல். வீரசோழன் பக்கம் ஒரு ஊரில், “அத யாரு டீச்சர் புள்ளைக்குக் குடுப்பா? நீங்க வெளையாட்டுக்குச் சொன்னீகன்னுல்ல நெனச்சோம்” என்று சிரித்தார்கள். என் பேச்சை யாரும் மதிக்கவில்லை என்பதில் அப்படி ஒரு நிம்மதி. இன்னொரு ஊரில் ஒருத்தி ஒரு வேளை கொடுத்திருக்கிறாள். பிள்ளை துப்பித் துப்பிவிட்டதால் நிறுத்திவிட்டாளாம். அந்தப் பிள்ளை தெருவில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஏழாவது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. ரோட்டோரம் வேலிக்கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டேன். முள் குத்தியதுகூடத் தெரியவில்லை. எதிரே ஒருவர் வந்தார். அவராகவே சொன்னார், எண்பது வயதுப் பெரியவர், ராத்திரி போய்விட்டார் என்று. ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். சாவுச் சேதி கேட்டு ஸ்தோத்திரம் சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒன்பது ஊரும் முடித்து மூன்றாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்தப் படுக்கை காலியாக இருந்தால் என்ன செய்வது என்று எட்டிப் பார்க்கவே பயம். அப்போது உள்ளே ஒரு குழந்தை வீல் என்று கத்தியது. நர்ஸ் ஊசியை மாற்றிக்கொண்டிருந்தார். அதே குழந்தைதான். காலை உதைத்துக்கொண்டு அழுதது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. நான் கிட்டே போய் அந்தக் கண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்தேன். அம்மாக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வைகாசியில் அதே சத்துணவுக் கூடத்தில் மறுபடி கூட்டம் போட்டேன். போகவே மனமில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. அவள் முன் வரிசையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நடந்ததை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். அப்புறம் படத்தை விரித்து, “மொதல்ல ஒரு பாத்திரத்துல தண்ணி எடுத்துக்கிடணும்...” என்று ஆரம்பித்தேன்.

“எந்தத் தண்ணி, டீச்சர்?” என்று அவள் கேட்டாள்.

குத்திக் காட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அன்று யாரும் சிரிக்கவில்லை. நல்ல தண்ணி என்றேன். ஊற்றுத் தண்ணியா, எந்தக் குடத்து அளவு, எந்தக் கரண்டி, கல்லுப்பா தூளுப்பா என்று ஒவ்வொருத்தியாகக் கேட்க ஆரம்பித்தார்கள். நான் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, அவர்கள் வீட்டுப் பாத்திரத்தையே கொண்டுவரச் சொல்லி, அவர்களையே கலக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கூட்டம் முடிய மத்தியானம் ஆகிவிட்டது.

அதற்கப்புறம் பத்து வருடத்துக்கும் மேல் அந்த வேலையில் இருந்தேன். எந்த ஊரிலும் புரிஞ்சுதா என்று நான் கேட்டதில்லை. வீட்டுக்குப் போய் என்ன செய்வாய், எனக்குச் சொல்லிக் காட்டு என்றுதான் கேட்டேன். ஆனாலும் இன்றைக்கும், நான் சொல்வதைக் கேட்டு யாராவது தலையை ஆட்டி “புரிஞ்சுச்சு” என்று சொன்னால், எந்தத் தண்ணி என்று ஒருத்தராவது கேட்டுவிட மாட்டார்களா என்று அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.